ஆறு கதிரைகளுக்குத் தங்கப் பூச்சு

எங்கள் வீட்டில் பால் திரிந்தாலும், கரண்ட் போனாலும், பஸ் தவறினாலும் யாராவது ஒருவர் தவறாமல் கேட்பார்: “இதுல அவ கை பட்டுச்சா?” அவ என்பது நான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்துவைப்பேன். சிரிக்காவிட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள் என்று அதற்கும் ஒரு பேச்சு வரும். பதினோரு வயதில் நான் என் அத்தையின் கல்யாணத்தைக் கெடுத்தேன் என்பது எங்கள் உறவில் எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே சங்கதி. மற்ற விஷயங்களில் அவர்கள் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை.

அப்போது நாங்கள் கட்டுகஸ்தோட்டையில், மேட்டில் ஏறும் ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்கு அக்குறணையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. அத்தை அப்பாவின் ஒரே தங்கை. எங்களோடுதான் இருந்தாள். பல்லேகலவில் ஒரு கார்மென்ட்ஸில் சேர்ட்டுக்குக் காலர் வைத்துத் தைப்பாள். இருட்டோடு போய் இருட்டோடு வருவாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் எனக்குச் சொந்தம்.

கடையில் மூடி நசுங்கிப்போன, லேபல் கிழிந்த ஸ்ப்ரே பெயிண்ட் டின்களை முதலாளி அப்பாவிடம் கொடுத்துவிடுவார். அவை விலை போகாது, எறியவும் மனம் வராது. அத்தையின் போனில் அந்த டின்களுக்கென்றே வீடியோக்கள் இருந்தன. ஐந்து நிமிஷத்தில் பூச்சாடி, பத்து நிமிஷத்தில் கண்ணாடிச் சட்டம், சிரித்துக்கொண்டே செய்து முடிக்கும் வெள்ளைக்காரப் பெண்கள். அவர்கள் வீட்டில் மழையே பெய்யாது போல. நாங்கள் ஜாம் போத்தலுக்கு நூல் சுற்றி அடித்தோம். சிரட்டைக்கு அடித்தோம். பைன் காடு பக்கம் போனவர்கள் கொண்டுவந்த காய்ந்த காய்களுக்கு அடித்து நூலில் கோத்துத் தொங்கவிட்டோம். ஐஸ்கிறீம் குச்சிகளை ஒட்டிக் கண்ணாடியைச் சுற்றிச் சூரியன் செய்தோம். எங்களுக்குக் கிடைத்ததில் பாதி டின் தங்க நிறமாக இருந்ததால், எங்கள் வீடே கொஞ்சம் கொஞ்சமாகக் கோயில் விமானம் போல ஆகிக்கொண்டிருந்தது.

அத்தைக்குச் சில சட்டங்கள் இருந்தன. உள்ளே இருக்கும் குண்டு கடகடவென்று ஓடும்வரை டின்னைக் குலுக்க வேண்டும். ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டும். மெல்லிசாக மூன்று தடவை அடிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் நடுவில் காயவிட வேண்டும். மழை நாளில் தொடவே கூடாது. கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் பெருவிரலால் அமுக்கிப் பார்க்க வேண்டும்; விரலில் ஒட்டாவிட்டால்தான் காய்ந்தது என்று அர்த்தம். “அவசரப்பட்டா அடியில ஈரம் அப்படியே நிக்கும். மேல பாத்தா தெரியாது” என்பாள். நான் பள்ளிக்கூடத்தில் படித்த எதையும் இவ்வளவு ஒழுங்காக மனப்பாடம் செய்ததில்லை.

அந்த வருஷம் அத்தைக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை மேலே மலையில், மடுல்கெல்லப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிளார்க். அப்பாவும் அத்தையும் பிறந்ததும் அதே பக்கம், கொழுந்து பறிப்பவர்களின் லயத்து வரிசை வீட்டில்தான். அப்பா பதினாறு வயதில் இறங்கி டவுனுக்கு வந்து, பிறகு தங்கையையும் கூட்டி வந்தவர். கொழுந்துக் கூடையோடு நின்ற குடும்பத்துப் பெண் கிளார்க் குவார்ட்டர்ஸுக்கு மருமகளாகப் போவது என்றால் அவருக்கு அது எத்தனையோ வருஷத்து அவமானத்துக்குப் பதில். ஊரெல்லாம் பார்க்கத் தங்கை அந்த ரோட்டில் காரில் ஏறிப் போகும் காட்சியை அவர் மனதுக்குள் ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்திருப்பார்.

மாப்பிள்ளை வீட்டாரின் ஒரே நிபந்தனை, கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகக் கூடாது என்பது. அத்தை அப்பாவிடம் ஒரு தடவை சொன்னது எனக்குக் கேட்டது.

“எனக்கு வேணாம் அண்ணே. நான் மறுபடி அங்க ஏற மாட்டேன்.”

“ஒன்ன யாரு கேட்டா?” என்றார் அப்பா. அதோடு பேச்சு முடிந்தது.

நான் பயந்துபோய் அம்மாவிடம் ஓடினேன். அம்மா கீரை ஆய்ந்தபடியே, “கல்யாணம்னா எல்லாப் பொண்ணும் வேணாம்னுதான் சொல்லும். வேணும்னு சொன்னா நல்லாவா இருக்கும்?” என்றாள். எனக்கு நிம்மதியாகிவிட்டது. அத்தைக்கு வெட்கம் என்று முடிவு கட்டிக்கொண்டு, பைன் காய்களைப் புதிதாக அடிக்கத் தொடங்கினேன்.

பெண் பார்க்க ஆறு பேர் வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் இருந்தவை இரண்டு பிரம்புக் கதிரைகள், இரண்டுக்கும் நடுவில் ஓட்டை. ஆனால் பின்பக்கத் தாழ்வாரத்தில் ஐம்பது பிளாஸ்டிக் கதிரைகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. அவை எங்களுடையவை அல்ல. எங்கள் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்திய மரண உதவிச் சங்கத்துக்கு அப்பா செயலாளர். சங்கத்தின் கதிரைகள், தறப்பாள், பெரிய கேத்தல் எல்லாம் எங்கள் வீட்டில்தான் இருக்கும். யாராவது செத்தால் முதலில் எங்கள் கதவைத்தான் தட்டுவார்கள். ஒரு சாவு வீட்டில் இரண்டு கதிரைகள் காணாமல் போனபிறகு, எடுத்தவன் எங்கே வைத்தாலும் கூசட்டும் என்று, முதுகு சாயும் பக்கத்திலேயே சிவப்பு எனாமலில் ‘மரண உதவிச் சங்கம்’ என்று பெரிதாக எழுதச் சொன்னவரும் அப்பாதான்.

நல்ல காரியத்துக்கு வருகிறவர்களை அதில் உட்கார வைக்க முடியுமா? அம்மா, வாடகைக்கு ஆறு கதிரை எடுக்கலாம் என்றாள். பின்னால் ஐம்பது கிடக்க வாடகைக்கு எடுப்பதா என்று அப்பா கோபப்பட்டார். அப்போதுதான் அத்தை வாயைத் திறந்தாள்.

“பெயிண்ட் அடிச்சா எழுத்து மறைஞ்சிரும் அண்ணே. தங்கக் கலர் டின் நெறைய இருக்கு. இவ அடிப்பா. நல்லாப் பழகிட்டா.”

அப்பா என்னைப் பார்த்தார். அதற்கு முன்னால் அவர் என்னை அப்படி ஒரு வேலைக்கு ஆளாகப் பார்த்ததில்லை. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு பெருமை. என் கையால்தான் அத்தையின் கல்யாணம் நடக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையிலிருந்தே தூறல். மதியம் அத்தை வேலையிலிருந்து வந்தபோது கொட்டிக்கொண்டிருந்தது. மழை விட்டதும் அடிக்கலாம் என்று நான் காத்திருந்தேன். “இது விடாத மழை, நீ ஆரம்பி” என்றாள் அத்தை. தாழ்வாரத்தில் பேப்பர் விரித்து ஆறு கதிரைகளை வரிசையாக வைத்தேன். அத்தை கையைக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றாள், டின்னைத் தொடவில்லை. முதல் கதிரைக்கு மெல்லிசாக ஒரு தடவை அடித்துவிட்டு நிமிர்ந்தேன். சிவப்பு எழுத்து உள்ளிருந்து அப்படியே தெரிந்தது.

“மெல்லிசா அடிச்சா மறையாது. நல்லாத் தடிப்பா அடி” என்றாள்.

“மூணு தடவ அடிக்கணும்னு சொன்னீங்களே அத்த?”

“அது போத்தலுக்கு. இது கதிர.”

அத்தை சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஒரே இடத்தில் நின்று நின்று, வழியும் அளவுக்கு அடித்தேன். நான்கு டின் காலியானது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போல எழுத்து மறைந்துபோனது. கதிரைகள் ராஜா வீட்டுக் கதிரைகளாக ஜொலித்தன. அப்பா வந்து பார்த்துவிட்டு என் தலையைத் தடவினார். அவர் அப்படிச் செய்தது எனக்கு நினைவிருக்கும் வரையில் அந்த ஒரு தடவைதான்.

ஞாயிறு காலையில் எழுந்ததும் ஓடிப்போய் ஒரு கதிரையின் ஓரத்தில் விரலை வைத்தேன். பிசுபிசுவென்று இழுத்தது. அத்தையிடம் ஓடினேன். அத்தை தலைக்குக் குளித்துவிட்டு முடியை உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் சொன்னதும் தாழ்வாரத்துக்குப் போனாள். திரும்பி வந்தாள்.

“காஞ்சிருச்சு. நான் அமுக்கிப் பாத்துட்டேன். ஒன் கைதான் வேர்த்திருக்கு.”

நேற்று அடித்த தங்கம் இன்னும் போகாத கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன். அம்மா, எதற்கும் ஆறு பேருக்கும் துவாய் விரித்துவிடலாமே என்றாள். அதற்கும் அத்தைதான் பதில் சொன்னாள்: “துணி போட்டு மறைக்கவா அண்ணி இந்தப் புள்ள இவ்வளவு பாடுபட்டுச்சு?” எனக்கு அத்தையைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. கதிரைகளை முன்னறையில் வரிசையாகப் போட்டதும் அவள்தான். பெயிண்ட் படாத அடியைப் பிடித்துத் தூக்கினாள். முதுகுப் பக்கம் கை படவில்லை.

பதினொரு மணிக்கு வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா நாவல்பழ நிறத்தில் பட்டுச் சேலை கட்டியிருந்தார், கனமான மனுஷி. நடுக் கதிரையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அவருடைய கணவர் வெள்ளைச் சேர்ட்டும் மூக்குக் கண்ணாடியுமாகப் பக்கத்தில். மாப்பிள்ளை கதிரை நுனியில் அடக்கமாக உட்கார்ந்து, தொங்கிக்கொண்டிருந்த பைன் காய்களைப் பார்த்து, “இது யாரு செஞ்சது? நல்லாருக்கே” என்றார். நான் கதவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினேன். அவர் சிரித்தார். அந்த நிமிஷமே அவரை மாமாவாக ஏற்றுக்கொண்டேன்.

அத்தை தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். அம்மாவின் நகைகள் அவளுக்குப் பொருத்தமாக இருந்தன. குனிந்து கோப்பையை எடுத்துக் கொடுத்தபோது அவளுடைய வலது பெருவிரலில் ஒரு பொட்டு அளவுக்குத் தங்க நிறம் தெரிந்தது. அதுவும் ஒரு அலங்காரம் போல எனக்கு அழகாகப் பட்டது.

பேச்சு நல்லபடியாகத்தான் போனது. பெண்ணைப் பிடித்திருப்பதாகவும், தை பிறந்ததும் நாள் பார்க்கலாம் என்றும் மாப்பிள்ளையின் அம்மா சொன்னார். அப்பா கைகளைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். ஆளுக்கு இரண்டு வடை உள்ளே போயிருந்தது. அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். கை கழுவ வேண்டும் என்று அந்த அம்மா எழுந்தார்.

கதிரையும் எழுந்தது.

தரையிலிருந்து ஒரு சாண் உயரம் அவர் முதுகோடு வந்து, பிறகு கிறீச்சென்று பிய்ந்து விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தப்பித்திருப்போம். நாவல்பழப் பட்டின் முதுகு முழுக்கத் தங்கம். கதிரையில் அவர் முதுகு பட்ட இடத்தில் பூச்சு உரிந்து, அடியிலிருந்து சிவப்பு எழுத்து எழும்பி வந்திருந்தது. எனாமல் நல்ல எனாமல், அப்பாவின் கடையில் வாங்கியது. மாப்பிள்ளையின் அப்பா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பேப்பர் படிப்பது போல நிதானமாக வாசித்தார்.

“மரண... உதவிச்... சங்கம்.”

மகனுக்குப் பெண் பார்க்க வந்த இடத்தில் பாடைக்குப் பக்கத்தில் போடும் கதிரையில் தன்னை உட்கார வைத்துவிட்டார்கள் என்பது அந்த அம்மாவுக்கு விளங்க ஒரு நிமிஷம் பிடித்தது. விளங்கியதும் அவர் அழத் தொடங்கினார். சண்டை போட்டிருந்தால் அப்பா தாங்கியிருப்பார். “இத்தன மங்கலமா வந்தோமேய்யா” என்று தலையில் கை வைத்துக்கொண்டு அவர் அழுததுதான் அப்பாவை உடைத்தது. மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பிய்த்துக்கொண்டு எழுந்தார்கள், சாய்ந்து உட்கார்ந்த கதிரைகளிலெல்லாம் ஆங்காங்கே சிவப்பு எழுத்து. மாப்பிள்ளை மட்டும் என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

வேன் போன சத்தம் அடங்கியதும் அப்பா கேட்டார்: “காஞ்சிருச்சான்னு பாத்தது யாரு?”

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை தரையைப் பார்த்தாள்.

“நான் மழையில அடிக்காதன்னுதான் சொன்னேன் அண்ணே. அவ கேக்கல.”

அம்மா இடையில் விழுவதற்குள் அப்பா வீடு கூட்டும் தும்புத்தடியை எடுத்துத் திருப்பிப் பிடித்துவிட்டார். எத்தனை அடி என்று நான் எண்ணவில்லை. வலித்ததைவிட எனக்குக் குழப்பம்தான் அதிகம். அத்தை பொய் சொல்வாள் என்பது என் அறிவுக்குள் இல்லாத விஷயம். ஆகவே அவள் மழையில் அடிக்காதே என்று சொல்லியிருக்க வேண்டும், நான்தான் மறந்திருக்க வேண்டும். அடி வாங்கிக்கொண்டிருந்தபோதே இப்படி முடிவு செய்து, அதை நம்பவும் தொடங்கிவிட்டேன்.

அந்தக் கதை அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சங்கம் அப்பாவைச் செயலாளர் வேலையிலிருந்து நீக்கியது. நாற்பத்துநான்கு வெள்ளைக் கதிரைகளையும், எத்தனை தேய்த்தும் திட்டுத் திட்டாகத் தங்கம் போகாத ஆறு கதிரைகளையும் வேறு வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அதன்பிறகு எங்கள் பகுதியில் யார் செத்தாலும் அந்த ஆறும் வாசலில் வந்து நிற்கும். உட்காருகிறவர் தங்கத் திட்டைச் சுரண்டிக்கொண்டே பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பார், அவர் கதை சொல்வார், இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். சாவு வீட்டில் துக்கத்துக்குத் தொட்டுக்கொள்ள நான் இருந்தேன்.

அத்தைக்கு அந்தக் கதை வேறு மாதிரி உதவியது. அபசகுனப்பட்ட பெண் என்று மேலே தோட்டங்களிலிருந்து ஒரு சம்பந்தமும் இறங்கி வரவில்லை. அவள் காலர் தைத்துத் தைத்துச் சுப்பர்வைசர் ஆனாள். ஐந்தாறு வருஷம் கழித்து, கூட வேலை செய்த ஒருவரை அவளே பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டாள். இப்போது குண்டசாலையில் சொந்த வீடு. கல்யாணத்தன்று மணவறை அலங்காரத்தில் ஒரு பூவைக்கூட என்னைத் தொட விடவில்லை. “நீ போய் உக்காரு தாயி” என்றார்கள். அத்தையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள், மாலைக்குள்ளிருந்து சிரித்தாள்.

நான் இப்போது முன்பள்ளி ஆசிரியை. போன மாதம் கிறிஸ்மஸ் ஒளிவிழாவுக்காகப் பிள்ளைகளோடு பைன் காய்களுக்குத் தங்கம் அடித்தேன். மழை. காயவே இல்லை. ஒன்றை எடுத்துப் பழக்கத்தில் பெருவிரலால் அமுக்கினேன். விரலில் ஒரு பொட்டு ஒட்டிக்கொண்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். காய்ந்த கதிரையை அமுக்கியவளின் விரலில் பொட்டு எப்படி வரும்? அவள் அமுக்கியிருக்கிறாள். ஒட்டியிருக்கிறது. ஒட்டியதைப் பார்த்துவிட்டுத்தான் வந்து, காஞ்சிருச்சு என்று சொல்லியிருக்கிறாள்.

அன்று பின்னேரமே போன் எடுத்துக் கேட்டேன். அத்தை, “அதெல்லாம் எதுக்கு இப்ப?” என்றாள். நான் விடவில்லை.

“நீ சின்னப் புள்ள. ஒனக்கு நாலு அடியோட போயிரும்னு நெனச்சேன். நான் மாட்டியிருந்தா ஆயுசுக்கும்லடி” என்றாள். குரல் உடைந்திருந்தது. ஆனால் மன்னித்துக்கொள் என்ற வார்த்தை அந்தக் குரலில் வரவில்லை. அடுத்த தடவை வீட்டில் எல்லோரும் கூடும்போது உண்மையைச் சொல்வதாகவும் சொல்லவில்லை.

அவள் தப்பித்ததில் எனக்குக் கோபமில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் ஏதாவது செய்திருப்பேன். அப்பாவிடம் இன்னொரு தடவை வேணாம் என்று சொல்லியிருக்கலாமே என்று நான் சொல்லவும் மாட்டேன். அந்த வீட்டில் அவள் வார்த்தைக்கு இருந்த மதிப்பு எனக்குத் தெரியும். ஆனால் பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று ஆனபோது, பழிக்கு இடமாக அவள் தேர்ந்தெடுத்தது தன்னை உலகத்தில் யாரையும்விட அதிகமாக நம்பிய ஒருத்தியை. நம்பியதால்தான் தேர்ந்தெடுத்தாள். அதை என்னால் செரிக்க முடியவில்லை.

அன்றைக்கு, அடி ஓய்ந்து, அப்பா வெளியே போனபிறகு, நான் கிணற்றடியில் உட்கார்ந்து கையில் இருந்த தங்கத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அத்தை மண்ணெண்ணெயும் துணியும் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுதுகொண்டிருந்தாள். கல்யாணம் கெட்டுப்போன துக்கம் என்று நினைத்தேன். “மன்னிச்சிருங்க அத்த, என்னாலதான்” என்றேன். அவள் என் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். முடிந்ததும் தன் பெருவிரலைத் துடைத்துக்கொண்டாள்.

“ஒங்க வெரல்ல எப்பிடி அத்த வந்துச்சு?”

“ஒன் கையப் புடிச்சேன்ல. அதுல ஒட்டிருச்சு.”

என்னால் அவள் விரலும் அழுக்காகிவிட்டதே என்று, அதற்கும் ஒரு தடவை மன்னிப்புக் கேட்டேன். தேத்தண்ணி கொடுத்தபோதே அந்தப் பொட்டை நான் பார்த்திருந்தேன். அவள் என் கையைப் பிடித்தது அதற்கு அப்புறம்தான்.